விலாவைப் பார்க்கும் குதிரை

அன்று மதியம் எது முதலில் நடந்தது என்று டாக்டரம்மாவுக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வரிசை மாறியிருக்கலாம். லாயத்துக்குள் ஓர் ஈகூடப் பறக்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

ஈரத் தவிடும் மூத்திரமும் வியர்த்த தோலும் கலந்த நெடிக்கு நடுவே, கடைசித் தடுப்பில், அந்தப் பெண் குதிரை கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றது. வயிற்றுவலி கண்ட குதிரை அப்படித்தான் பார்க்கும். ஆனால் கூடவே காலால் தரையைக் கிளறும், படுத்துப் புரளும். இது அசையவே இல்லை.

"வலிக்கு ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"ஐயோ, இல்லைங்க டாக்டர்," என்றார் முதலாளி.

"மூணாவது தடவையா கேக்குறேன். வலியை மறைச்சுட்டா, குடல் முறுக்கிக்கிச்சா, வெறும் அடைப்பான்னு நான் எப்படிச் சார் கண்டுபிடிப்பேன்? ஆபரேஷன்னா இப்பவே அனுப்பினாத்தான் பிழைக்கும்."

"போட்டாரும்மா," என்றார் குதிரைகளைப் பராமரிக்கும் லாயக்காரர், கையிலிருந்த வாளியைப் பார்த்தபடி. "விடியக்காலைல ஒண்ணு. எட்டு மணிக்கு ஒண்ணு. அப்புறம்தான் இப்படி நிக்குது."

"உன்னைக் கேட்டாங்களா?" என்று சீறினார் முதலாளி.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு என்னை எதுக்குய்யா கூப்பிட்டீங்க?"

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டெதாஸ்கோப்பைக் குதிரையின் வயிற்றில் வைத்தாள். இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ். எங்கும் ஒரு சின்னக் குடுகுடுப்பு இல்லை. குடல் நின்றுபோனால் அப்படித்தான். முன்னங்காலுக்குப் பின்னால், இதயத்தின் மேல் வைத்தாள்.

அங்கும் இல்லை.

கருவி கெட்டுவிட்டதோ என்று எரிச்சலுடன் தன் நெஞ்சில் வைத்தாள். தடதடவென்று கேட்டது. குதிரையின் ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். இரண்டு நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஈறு சில்லென்றிருந்தது.

"எட்டு மணிக்கப்புறம் இது மூச்சு விட்டதை யாராவது பார்த்தீங்களா?"

முதலாளி லாயக்காரரைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன்!"

பக்கத்துத் தடுப்பில் புல் மெல்லும் சத்தம் நின்றது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். திரும்பினாள். ஒவ்வொரு குதிரையும் கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்த்தது. வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. லாயக்காரர் குனிந்து எடுக்கவில்லை. தன் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியும்.

அந்த லாயத்தில் பதினொரு குதிரைகள். ஒன்றும் விழவில்லை. இன்னும் நிற்கின்றன. இரண்டு ஆண்களும் அங்கேயே நிற்கிறார்கள். டாக்டரம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன ஆச்சு என்று கணவர் மூன்று தடவை கேட்டுவிட்டார். அவள் கழுத்து மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.