யாரைக் கண்டு அச்சம்?

அமுதம் நகர் எட்டாவது தெருவில் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குற்றச் செய்தி ஓடும். காபி ஆற்றிக்கொண்டே கேட்பார்கள், வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்கள். எங்கோ ஓர் ஊரில் பூட்டை உடைத்தவன், பேருந்து நிறுத்தத்தில் சங்கிலியை அறுத்தவன் என்று வாசிப்பவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தெருக்காரர்கள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே கட்டியிருக்கும் அச்சமானியில் எண் ஏழைத் தாண்டிய பிறகுதான் செய்தியை அணைப்பார்கள்.

கோகிலவாணி வீட்டில் மட்டும் செய்தி ஓடாது. அவள் பால் இயந்திரத்துக்குப் பாத்திரத்தோடு வரும்போது, பக்கத்து வீட்டு ருக்குமணி எட்டிப் பார்த்துக் கேட்டுவிடுவாள்.

"ஏனுங்க்கா, இன்னைக்கு எவ்வளவுங்?"

"ரெண்டு."

"இன்னைக்கும் ரெண்டுதானுங்களா! எனக்கு இன்னைக்கு ஏழரை. நேத்து எங்க வீட்டுக்காரருக்கு ஆறே முக்காலுக்கு மேல ஏறவே மாட்டேன்னுருச்சு. அப்புறம் கதவை நானே வெளிய இருந்து படபடன்னு தட்டுனனுங், ஏறுச்சு பாருங்க, எட்டு!" சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சர்க்கரை அளவைப் பற்றி ஒரு காலத்தில் பெண்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அது குறைய வேண்டும் என்று தவித்தார்கள், இது ஏற வேண்டும் என்று தவிக்கிறார்கள்.

காரணம் இருந்தது. தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சட்டம் வந்தபோது அரசாங்கம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோபத்தில் யாரும் யாரையும் சுடக் கூடாது. உயிருக்குப் பயந்தவன் மட்டுமே சுடலாம். அதனால் துப்பாக்கியின் பூட்டை, எல்லோர் கையிலும் கட்டாயமாகக் கட்டிவிட்ட அச்சமானியோடு இணைத்தார்கள். அளவு ஏழுக்கு மேலே போனால் பூட்டு திறக்கும், கீழே இருந்தால் அது வெறும் இரும்பு. பத்து நாள் தொடர்ந்து காலை அளவு ஏழுக்குக் கீழே இருந்தால், பயம் தீர்ந்தது என்று உரிமத்தை ரத்து செய்துவிடுவார்கள். தெருவில் அதைத் துப்பாக்கி என்று யாரும் சொல்வதில்லை, 'துணை' என்பார்கள். கடைக்குக் கிளம்புகிறவரைப் பார்த்து "துணை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பது சாதாரணம்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தெருமுனைப் பலகையில் 'காவல் தொலைவு: 38 நிமிடம்' என்று எழுதியிருக்கிறது. சின்னக் காவல் நிலையங்களை எல்லாம் மூடி நகரத்துக்கு நடுவில் ஒன்றாக்கிய பிறகு, கூப்பிட்டால் வண்டி வந்துசேர ஆகும் நேரம் அது. மூன்றாவது தெருவில் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மா அரைமணி நேரம் கத்தியிருக்கிறார். கதவைத் திறந்து போய்ப் பார்க்க அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வண்டி சரியாக முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வந்தது. அந்த மாதமே தெருத்தெருவாக விண்ணப்பம் போட்டார்கள்.

கோகிலவாணியின் கணவன் நாச்சிமுத்து போடவில்லை. "நமக்கெதுக்கு புள்ள அதெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்தான். எதிர்வீட்டுச் சென்னியப்பன் போட்டார். நடக்க முடியாமல் படுக்கையில் கிடக்கும் மனைவி, இரண்டு முறை திருடு போன வீடு. அந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை கொட்டிய ஒரு மதியம், சென்னியப்பனிடம் இரவல் வாங்கிய சுவர் துளைக்கும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க நாச்சிமுத்து போனான். தலைக்குச் சாக்கு போட்டிருந்தான். தகரக் கூரை மேல் மழை விழுந்த சத்தத்தில் அவன் கூப்பிட்டது உள்ளே கேட்கவில்லை. முகம் தெரியாத ஓர் ஆள், கையில் நீட்டிய குழாயோடு ஏதோ ஒன்று, பின்கதவு வழியாக வருகிறது. சென்னியப்பன் ஒரு முறைதான் சுட்டார்.

வழக்கு நாலே நாளில் முடிந்தது. சுட்ட நொடியில் அச்சமானி ஒன்பது புள்ளி நான்கு காட்டியிருந்தது. 'அச்சம் உண்மை' என்று தீர்ப்பு எழுதி அவரை விடுவித்துவிட்டார்கள். ஆள் தவறு என்பதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை. துப்பாக்கியை மட்டும் இரண்டு வருடத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கோகிலவாணியின் மணிக்கட்டில் எண் இரண்டைத் தாண்டியதே இல்லை. இனிமேல் எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று அவள் மனம் மரத்துப்போயிருந்தது. எதிர்வீட்டோடு பேச்சில்லை, சண்டையும் இல்லை. வாசலில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாமல் அப்படியே பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த இரண்டு வருடம் முடிந்த வாரத்தில்தான் அறிவிப்பு வந்தது. சென்னியப்பன் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். 'யாரைக் கண்டு அச்சம்?' என்ற கட்டத்தில் கோகிலவாணியின் பெயரை எழுதியிருக்கிறார். பெயர் எழுதினால், பெயருக்குரியவரை அழைத்து ஓர் அபய அமர்வு நடத்த வேண்டும் என்பது விதி. அழைக்கப்பட்டவர் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி மேசையில் வைத்து, ஒரு டம்ளர் டீயைப் பகிர்ந்து, இருபது நிமிடம் பேச வேண்டும். முடிவில் விண்ணப்பித்தவரின் அளவு ஏழுக்குக் கீழே வந்தால் உரிமம் கிடையாது, மறுபடி கேட்க ஐந்து வருடம் ஆகும். அளவு இறங்காவிட்டால் துப்பாக்கி அவர் கைக்கு வரும், அவள் பெயரின்மேல் பதிந்து. பிறகு அவளைச் சுட்டால் விசாரணைகூட இருக்காது, எண்ணை மட்டும் பார்ப்பார்கள்.

மகள் நிரஞ்சனா அதை இரண்டு முறை படித்தாள். கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்வீட்டு வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருவாள். அம்மாவின் அதே முகம், அதே நடை. பின்னாலிருந்து பார்த்தால் ருக்குமணியே இரண்டு முறை ஏமாந்திருக்கிறாள்.

"அம்மா, நல்லபடியாப் பேசிருங்க. கோவப்பட்டுறாதீங்க. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றாள்.

"சொல்றேன் கண்ணு."

சொல்லத்தான் போனாள். கண்ணாடி முன்னால் நின்று நாலு நாள் பழகியும் இருந்தாள். தன் உயிர் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஆறு மணி வாசல்தான் கண்ணுக்குள் நின்றது.

மதிப்பீட்டு அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. அலுவலர் பெனாசிர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே சென்னியப்பன். இரண்டு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அவருடைய எண் சுவரில் பெரிதாகத் தெரிந்தது: 8.2. கோகிலவாணி உள்ளங்கைகளை விரித்து மேசைமேல் வைத்தாள்.

"நல்லா இருக்கீங்களாங்ணா? அக்கா எப்படி இருக்காங்?"

8.5.

"நான் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டனுங். நடந்தது நடந்துபோச்சு. நான் உங்களை மன்னிச்சுட்டனுங்."

8.9. பெனாசிர் நிமிர்ந்து பார்த்தார். சென்னியப்பன் டம்ளரை எடுக்கப் போய், டீயைச் சிந்தினார்.

"அப்படிச் சொல்லாதீங்க அம்மணி" என்றார்.

"ஏனுங், நெசமாத்தான் சொல்றேன். எனக்கு உங்க மேல வருத்தமே இல்லை."

9.3. அன்று நாச்சிமுத்துவைச் சுட்டபோது இருந்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கோகிலவாணி சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தாள். என்ன செய்தாலும் இந்த மனிதன் பயப்படுகிறானே! இன்னும் ஒன்பது நிமிடம்தான் இருந்தது.

"பெயரை ஏன் சார் எழுதுனீங்க?" என்று பெனாசிர்தான் கேட்டார். "முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்துல 'தெரியவில்லை'ன்னுதான் எழுதறாங்க. அப்படி எழுதியிருந்தா அமர்வே கிடையாது, உரிமம் தபாலில் வந்திருக்கும்."

"போன தடவை அப்படித்தானுங் எழுதுனேன்" என்றார் சென்னியப்பன். "தெரியவில்லைன்னு. எவன் வருவான், எப்ப வருவான்னு ஒண்ணும் தெரியாமப் பயந்துட்டே கெடந்தேன். தெரிஞ்ச மனுசன் வந்தப்பவும் எனக்குத் தெரியலை. இந்தத் தடவையாச்சும் உள்ளதை எழுதோணும்னு..." தலையைக் குனிந்துகொண்டார். "அந்த மெஷினை நான் இன்னும் வெச்சிருக்கனுங் அம்மணி. வாரம் தவறாம எண்ணெ போட்டுத் துடைச்சு..."

"துடைச்சு வெச்சிருக்கயா?"

அவள் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. கைகள் மேசையைவிட்டு எழுந்துவிட்டன.

"துடைச்சு வெச்சிருக்கயா நீ? அதுல இருந்த ரத்தம் யாரோட ரத்தம்? ரெண்டு நிமிசத்துல வந்தர்றேன், சோத்தைப் போட்டு வையின்னு சொல்லிட்டுப் போன மனுசன்டா! அரிசிம்பருப்புச் சோறு குக்கர்ல மூணு நாள் அப்படியே கெடந்துச்சு. தெறக்க முடியலை என்னால. உன்ற பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன கைடா அது. உனக்கு அடையாளம் தெரியலையா? உன்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டே வந்தாரே, உன்ற காதுல என்ன இருந்துச்சு? நான் மன்னிக்கலை. கேட்டுக்க. இந்தச் சென்மத்துல மன்னிக்க மாட்டேன். நீ நல்லா இருக்க மாட்டே!"

மேசையை ஓங்கி ஓங்கி அடித்தாள். டம்ளர் கவிழ்ந்தது. விதிப்படி பெனாசிர் அமர்வை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

8.0. 7.4. 6.6.

சென்னியப்பன் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். "சொல்லுங்க அம்மணி, இன்னும் சொல்லுங்க" என்றார். "ரெண்டு வருசமா வாசல்ல நின்னு பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போனீங்களே, ஒரு வார்த்தை திட்டலையே. மனசுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்களோன்னு அதுக்குத்தானுங் பயந்தேன்."

5.8 என்று எண் நின்றது. அவளும் அழுதாள். நாச்சிமுத்து செத்து இரண்டு வருடம் கழித்து அவளுக்கு அன்றுதான் வாய்விட்டு அழ வந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்று பெனாசிர் முத்திரை குத்தினார். சென்னியப்பன் எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவளிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. துப்பாக்கி வராது. நிரஞ்சனா ஆறு மணிக்கு அந்த வாசலைத் தாண்டி வருவாள். நாளைக்கும் வருவாள். அடுத்த வருடம் அவளுக்கு ஒரு கல்யாணம், ஒரு பிள்ளை. இரண்டு வருடமாக நாளை என்பதையே நினைக்காதவள், இப்போது ஒவ்வொன்றாக நினைத்தாள். நினைக்க நினைக்க நெஞ்சு படபடத்தது.

"அம்மா, உங்க கையைப் பாருங்க" என்றார் பெனாசிர்.

அச்சமானியில் 7.6.

"சட்டப்படி நான் சொல்லியே ஆகணும். இப்ப உங்களுக்கும் உரிமை இருக்கு. வேணும்னா எழுதிக் கொடுங்க, வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுருங்க." துப்பாக்கி உரிமத்துக்கான ஒரு படிவத்தை நீட்டினார். அதை வாங்காமல் வந்திருக்கலாம். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை வாசலில் நின்றாள். ஆறு மணி ஆனது. எதிர்வீட்டு வாசலில் சென்னியப்பன் வெறுங்கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க அவளுக்குப் பயமாக இல்லை. ஆறு ஐந்து. தெருமுனையில் முன்பின் தெரியாத ஒருவன் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் அவன்? எதற்கு இங்கே நிற்கிறான்? ஆறு பத்து. முப்பத்தெட்டு நிமிடம் என்று பலகையில் எழுதியிருந்தது அவள் கண்ணில் பட்டது. எத்தனையோ வருடமாக அங்கேயே இருந்த பலகைதான். அந்த ஆள் ஒரு வண்டியில் ஏறிப் போய்விட்டான். பாவம், யாருக்கோ காத்திருந்திருக்கிறான்.

ஆறே கால் ஆனபோது நிரஞ்சனா வந்தாள்.

"என்னம்மா, வாசல்ல நிக்கிறீங்க? பஸ் லேட்டு. அமர்வு என்னாச்சு? அவருக்குக் கொடுக்கலைதானே?"

"கொடுக்கலை சாமி. நீ கை கழுவு, சோறு போடறேன்."

"அப்பாடா!" மகள் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "இனிப் பயமில்லைம்மா."

மகள் குளியலறைக்குப் போன பிறகு, கோகிலவாணி சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தாள். பெயர் எழுதினாள். வயது எழுதினாள். காவல் தொலைவு முப்பத்தெட்டு என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

எதிர்வீட்டுக்காரர் பெயரை எழுதினால் அது பொய். மனதுக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தாள். பால் இயந்திரத்தில் நிற்பவர்கள், பேருந்தில் வருபவர்கள், ருக்குமணி, அவள் புருஷன், தெருமுனையில் நின்றவன். எந்த முகமும் பொருந்தவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தோடு மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் எண் எட்டைத் தொட்டது.

சென்னியப்பன் முதல் தடவை எழுதிய அதே சொல்லை, நிறுத்தி நிதானமாக, தெளிவான கையெழுத்தில் எழுதினாள்.

'தெரியவில்லை.'