காதால் எண்ணும் பள்ளி

திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் முப்பத்திரண்டாம் எண் ஒலித்தது.

அலுவலக எழுத்தர் அப்போது நகல் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். அந்த வார நிகழ்ச்சி நிரல் சூடான மை வாசனையோடு ஒவ்வொரு தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது. செவ்வாய் வினாடி வினா. புதன் வகுப்புகளுக்கிடையேயான கால்பந்துப் போட்டி. வியாழன் பாடகர் குழு ஒத்திகை. வெள்ளி பாவசங்கீர்த்தனம். சனி எட்டாம் வகுப்புக்கு ஆற்றங்கரை இல்லத்தில் ஒருநாள் தியானம். அந்தக் கடைசி வரியைத் தட்டச்சு செய்தபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துப் பத்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அதே ஆற்றங்கரை, அதே இல்லம், அதே பிள்ளைகள். ஆறாத புண்ணில் உப்பைத் தடவுவதென்றால் இதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்த வரியை அடித்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே எட்டாம் வகுப்பு எண் சொல்லிக்கொண்டிருந்தது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. நாற்பத்திரண்டு வரை போய் முடிந்த பிறகுதான் அவள் கை நின்றது. பத்து மாதமாக முப்பத்தொன்றுக்கும் முப்பத்துமூன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் அமைதி இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. பையன்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட அமைதி அது. இன்றைக்கு அது இல்லை.

எந்தக் குரங்கு விளையாடியது என்று ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தாள். நாற்பத்தொரு பையன்கள் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார்கள். ஒருவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. டிரில் மாஸ்டர் வழக்கம்போல அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கடைசி எண்ணைக் கேட்டதும் தலையை ஆட்டி, விசிலை ஊதினார்.

முதுகைக் காட்டி எண் கேட்பது அந்தப் பள்ளியின் பெருமை. பள்ளியைத் தொடங்கிய பாதிரியார், கண்ணால் எண்ணுவது காவல்காரன் வேலை, காதால் எண்ணுவது தகப்பன் வேலை என்று சொன்னாராம். அவர் சொன்னது சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் போன வருடம் தியானத்துக்குப் போன இடத்தில், பேருந்து கிளம்பும்போது நாற்பத்திரண்டு எண்களும் சரியாக ஒலித்தன, நாற்பத்தொரு பையன்கள் மட்டும் திரும்பி வந்தார்கள்.

வராதவன் முப்பத்திரண்டாம் எண், கீச்சான். குரல் உடையாமல் கீச்சுக் கீச்சென்று பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். படித்துறைக் கற்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் படிப்படியாக ஏற ஏற அங்கேயே நின்றிருக்கிறான். வண்டி போன பிறகும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உயிரோடு இருந்திருப்பான் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தை நினைக்காமல் அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை.

ஏனென்றால் அவன் இல்லாதபோது முப்பத்திரண்டு என்று சொன்னது அவளுடைய மகன்.

பத்தொன்பதாம் எண் அவன். கீச்சானின் உயிர்த் தோழன். "செருப்பு தண்ணியில போயிடுச்சுடா, ரெண்டே நிமிஷம், எனக்கும் சேத்துச் சொல்லிடு" என்று கீச்சான் கெஞ்ச, இவன் சொல்லிவிட்டான். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் எண் சொல்வது அந்தப் பள்ளியில் பையன்கள் தினமும் செய்கிற உபகாரம். கீச்சான் பின்வாசலில் ஏறியிருப்பான் என்று நினைத்து வண்டியில் தூங்கியும் விட்டான்.

அன்றைக்கு இரவே அவன் அம்மாவிடம் அழுது சொன்னான். அவள் தலைமையாசிரியரான ஃபாதரிடம் சொன்னாள். ஃபாதர் விசாரணை அறிக்கையை அவளையே தட்டச்சு செய்யச் சொல்லி, வரி வரியாகச் சொன்னார். 'மாணவன் யாரிடமும் சொல்லாமல் வரிசையிலிருந்து விலகிச் சென்றான்.' அவள் விரல் நின்றபோது, "உன் பையன் பேரும் கெடாது, பள்ளிக்கூடத்துப் பேரும் கெடாது. அடிம்மா" என்றார். அடித்தாள். செத்தவன் தலையில் பழியைக் கட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். கீச்சானின் அப்பா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "எம்புள்ள சொல்லாமப் போற புள்ள இல்லையேம்மா" என்று அவளிடம் கேட்டபோது, அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் மேல் அவளுக்கு இருந்த கோபம் மலையளவு. தன் மேல் இருந்தது அதைவிட ஒரு முழம் அதிகம்.

செவ்வாய்க்கிழமையும் முப்பத்திரண்டு ஒலித்தது. இந்த முறை அவள் காத்திருந்து கேட்டாள். மெல்லிய, உடையாத, தொண்டைக்குள் ஏதோ குமிழியிடுவது போன்ற குரல்.

புதன்கிழமை மழை மூட்டம். மூன்று மணிக்கே அலுவலகத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கால்பந்தில் முட்டியைச் சிராய்த்துக்கொண்ட மகன் அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் குனிந்து பஞ்சால் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்து வகுப்பு வரிசை கட்டும் சத்தம் வந்தது. ஈர ஷூக்கள் சேற்றில் சதக் சதக்கென்றன. பிறகு விசில். பிறகு எண்.

பதினேழு. பதினெட்டு.

"பத்தொன்பது."

மகனின் கால் அவள் கைக்குள் விறைத்தது. அவன் வாய் மூடியிருந்தது. வெளியே எண்கள் தடையில்லாமல் ஓடி முப்பத்தொன்றுக்கு வந்தன. அங்கே அந்தப் பழைய ஒரு மூச்சு அமைதி திரும்பி வந்திருந்தது. பிறகு முப்பத்துமூன்று.

"அம்மா" என்றான். பன்னிரண்டு வயதிலேயே உடைந்துவிட்ட அவன் குரல் கரகரத்தது. "அவன் இப்போ எனக்காகச் சொல்றாம்மா."

"வாய மூடு. எவனோ சேட்டை பண்றான்."

"அவன்கிட்ட நான் ஒரு சாரிகூடச் சொல்லலம்மா. நீதான் யார்கிட்டயும் எதுவும் பேசாதன்னுட்ட."

அவள் அவனை அறைந்துவிட்டாள். அறைந்த கையாலேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

மாலை ஃபாதரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சனிக்கிழமை பேரைச் சொல்லி, மூஞ்சியப் பாத்து எண்ணச் சொல்லுங்க ஃபாதர்."

ஃபாதர் ஆண்டு விழா அழைப்பிதழின் மாதிரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா திடீர்னு?"

"போன வருஷம் நடந்தது போதாதா?"

"இந்த வருஷம் மாத்தினா, போன வருஷம் தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. கொஞ்சம் யோசி. அந்த அறிக்கையில உன் கைவேலையும் இருக்கு." குரலை உயர்த்தாமல், காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோலச் சொன்னார். "எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட விட்டுடு."

"ஆண்டவர் ஒண்ணும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கல ஃபாதர்."

அவர் அழைப்பிதழைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வாசலில் டிரில் மாஸ்டரைப் பிடித்துக் கேட்டாள். நல்ல மனுஷன், அவர் கண் கலங்கியது. ஆனால் "ஃபாதர் சொல்லாம நான் எப்படி மேடம் திரும்பறது?" என்றார். நல்ல மனுஷர்களாலும் அந்தப் பள்ளியில் ஒரு பிரயோசனமும் இல்லை.

சனிக்கிழமை மகனை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தாள். அழைப்பிதழ் உறைகளுக்கு முகவரி எழுத அவள் வேலைக்கு வந்தாக வேண்டும். வீட்டில் அவனைத் தனியாக விட மனமில்லை. கூட்டி வந்து அலுவலகத்தை ஒட்டிய புத்தக அறையில் உட்காரவைத்து, "நான் சொல்ற வரைக்கும் அசையாத" என்றாள். தபால் பையைக் கொடுக்க வாசல் வரை போய்த் திரும்பினாள். ஐந்து நிமிடம் இருக்கும். புத்தக அறை காலி. பேருந்து கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஃபாதர் படியில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். "நான்தான் ஏத்திவிட்டேன். பூசையில வாசகம் படிக்க அவன்தானே இருக்கான்? எழுத்தரோட பையனே வரலன்னா மத்த பெத்தவங்க என்ன நினைப்பாங்க? பயத்தை வளக்காதம்மா."

அவள் அவரை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை அந்தப் படியில் நின்ற காவலாளி பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பாதிரியாரின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத வார்த்தைகள்.

ஓடிப்போய் அடுத்த பேருந்தைப் பிடித்திருப்பாள். பிடிக்காததற்குக் காரணம், அவள் மகன் தொலைபேசியில் பேசியது. பத்து மணிக்கு ஆற்றங்கரை இல்லத்தின் எண்ணுக்கு அடித்தாள். டிரில் மாஸ்டர் அவனையே கூப்பிட்டுக் கொடுத்தார். "நல்லாத்தாம்மா இருக்கேன். நீ வராத, பசங்க சிரிப்பானுங்க." கரகரத்த, அவளுடைய மகனின் குரல். பன்னிரண்டு மணிக்கும் பேசினான். மூன்று மணிக்கும் பேசினான். "தண்ணிப் பக்கம் போகாத" என்றாள். "ம்" என்றான். "எண் எடுக்கும்போது மாஸ்டர் கையைப் பிடிச்சுக்கோ." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டது கேட்டது. போனை வைத்துவிட்டான்.

ஐந்தரை மணி. பள்ளியில் யாரும் இல்லை. வகுப்பறைகளின் சுண்ணாம்புத்தூள் வாசனையும், பள்ளிச் சிற்றாலயத்தின் பீடத்தில் வாடிய பூக்களின் புளித்த வாசனையும் காற்றில்லாத தாழ்வாரத்தில் தேங்கி நின்றன. எழுதி முடித்த உறைகள் அவள் முன்னால் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு உறையும் ஒரு தகப்பனுக்கு. கீச்சானின் அப்பா பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அதையும் அவள்தான் நீக்கியிருந்தாள். பேனாவை எடுத்து ஒரு வெற்று உறையில் அந்தப் பெயரை எழுதினாள். உள்ளே வைக்க ஒரு தாளை எடுத்து, 'உங்கள் மகன் சொல்லாமல் போகவில்லை' என்று தொடங்கினாள். பத்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அலைபேசி அடித்தது. டிரில் மாஸ்டர்.

"கிளம்பறோம் மேடம். நீங்க கவலைப்படுவீங்கன்னுதான்."

"அவன் எங்க?"

"உள்ளதான். எல்லாரும் ஏறியாச்சு. எண் எடுக்கிறேன், நீங்களே கேளுங்க."

இஞ்சின் உறுமியது. விசில். வண்டியின் முன்பக்கம், கண்ணாடியைப் பார்த்து, பையன்களுக்கு முதுகைக் காட்டி அவர் நிற்பது அவள் மனக்கண்ணில் தெரிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"மாஸ்டர், திரும்பிப் பாருங்க."

ஒன்பது. பத்து.

"மாஸ்டர்! திரும்புங்க! போன வருஷம் முப்பத்திரண்டு சொன்னது எம்புள்ள! நான்தான் மறைச்சேன், நானும் ஃபாதரும்தான் மறைச்சோம்! திரும்பி மூஞ்சியப் பாருங்க!"

"என்ன மேடம்? இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல…"

பதினேழு.

பதினெட்டு.

"பத்தொன்பது."

மெல்லியது. உடையாதது. ஈரமானது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். தன் மகன் பெயரை. கீச்சானின் பெயரை. விட்டுடுடா கண்ணு, விட்டுடு, தப்பு என்னோடது, என்னை எடுத்துக்கோ.

இருபது. இருபத்தொன்று.

முப்பத்தொன்று.

ஒரு மூச்சு அமைதி.

அந்த அமைதியில் அது கேட்டது. வண்டிக்குள் இருந்து அல்ல. வெளியே, எட்டத்தில், தண்ணீர் சத்தத்துக்கு அந்தப் பக்கம். கரகரத்த குரல்.

"பத்தொன்பது! சார்! பத்தொன்பது!"

முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு.

"சார்! கால் மாட்டிக்கிச்சு! பத்தொன்பது!"

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

"கேட்டீங்களா மேடம்? கணக்கு சரியா இருக்கு" என்றார் டிரில் மாஸ்டர், மனசு நிறைந்து. அலைபேசியை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டார். கதவு சாத்திக்கொண்டது. கியர் விழுந்தது. துணி உரசும் சத்தத்துக்கு அப்பால், அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சின்னதாகி, கொஞ்சம் கீச்சாகி, எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு வண்டிக்குள் பையன்கள் பாட ஆரம்பித்தார்கள்.