எலிக்குரிய காற்று

நிலாவின் மூன்றாம் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மக்கள் தங்கள் எலியைப் பார்க்கப் போவார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிழல் எலி உண்டு. அவரவர் உயிரணுவிலிருந்து வளர்த்த நுரையீரல் அதன் மார்புக்குள் இருக்கும். எந்த மருந்தும் முதலில் எலிக்கு. அது பிழைத்தால்தான் ஆளுக்கு.

எஸ்தர் தன் எலியைப் பார்க்கப் போகவில்லை. இறந்துபோன கணவன் ஜெபமணியின் எலியைப் பார்க்கப் போனாள்.

நாலாம் சுரங்கத்தில் பாறை பிளந்து, கண்ணாடித் தூள் போன்ற நிலாத் தூசி அவன் நெஞ்சில் ஏறி ஐந்து வாரமாகிறது. இரண்டாம் நாளே நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. எலியையும் அதே தூசியைச் சுவாசிக்க வைத்து, ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காவது மருந்தில் எலி எழுந்து உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. அதையே ஜெபமணிக்கும் ஏற்றினார்கள். அவன் எழவில்லை.

அறிக்கையில் காரணம் இருந்தது. எலி பிறந்ததிலிருந்து தூசி ஏற்றும்வரை வடிகட்டிய காற்றை மட்டுமே சுவாசித்தது. ஜெபமணி ஆறு வருடமாகச் சுரங்கக் காற்றை. ‘மாதிரியில் பிழையில்லை’ என்று முடித்திருந்தார்கள்.

“ஆள் போயி நாப்பது நாள்தான்க்கா. அப்புறம் எலியையும் முடிச்சிருவாங்க” என்றான் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சுடலைமுத்து.

“எங்கிட்ட குடுத்துருப்பா. வீட்டுல வச்சுக்கிடுதேன்.”

“அண்ணன் மூச்சு மாதிரி இருக்காதுக்கா. நிமிஷத்துக்கு நூறு தடவை இழுக்கும்.”

“அவுகளும் அவசரக்காரகதான்.”

சுடலைமுத்து சிரித்துவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படிவத்தைத் தேடினான்.

அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்தது: ஆய்வு விலங்கு வசிக்கும் இடத்தில் வடிகட்டிய காற்று இருந்தாக வேண்டும். அன்று மாலையே இரண்டு பேர் ஏணியோடும் ஒரு வடிகட்டியோடும் வந்துவிட்டார்கள்.

“இதைச் சுரங்கத்துல மாட்டச் சொல்லி எங்க வீட்டுக்காரக மூணு மனு எழுதுனாகளே, தம்பி?”

ஏணியில் நின்றவன் திருகாணியை முடுக்கியபடியே சொன்னான்: “அங்க எலி இல்லையேக்கா.”

எஸ்தர் கூண்டைக் கட்டிலில் கணவன் படுக்கும் பக்கம் வைத்துக் காதை ஒட்டிக் கேட்டாள். மெல்லிய, பதறிய மூச்சு. பத்து மூச்சுக்கு ஒருமுறை சின்னத் தடங்கல். ஜெபமணிக்கும் அது உண்டு. ‘தூங்கும்போதும் எதையாவது மறந்துட்டு நினைச்சுக்கிடுவீகளோ’ என்று கேலி செய்வாள்.

ஒன்பது நாள் அந்த மூச்சோடு இருந்தாள். பத்தாம் நாள் இன்னொரு படிவத்தை நிரப்பிச் சுடலைமுத்துவிடம் கொடுத்தாள். விலங்கின் புதிய வசிப்பிடம்: நாலாம் சுரங்கம், உட்பகுதி.

அவன் இரண்டு முறை படித்தான். “இது இல்லாம நீங்க எப்படிக்கா இருப்பீக?”

“ஞாயித்துக்கிழமை பாக்க வாரேன்.”

எதற்காக மாற்றம் என்ற கேள்வி படிவத்தில் இல்லை. மறுநாள் காலையில் சுரங்க வாசலில் ஆறு பெரிய வடிகட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ‘விலங்கு நலனுக்காக’ என்று ஒட்டியிருந்தது.

அதே ஏணிக்காரர்கள் பிற்பகலில் எஸ்தர் வீட்டுக்கு வந்து கூரையிலிருந்த வடிகட்டியைக் கழற்றினார்கள். ‘இவ்வறையில் உயிர் எதுவும் வசிக்கவில்லை’ என்ற தாளை நீட்டினார்கள். எஸ்தர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.