அண்ணன் காத்திருந்த நன்மை

அண்ணன் அற்புதசாமியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டைத் திறந்தேன். பட்டப்பகல். எதிர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். துவாக்குடி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, வயல் பத்திரத்தை எடுக்க வந்திருந்தேன்.

உள்ளே மெழுகுவத்தி வாடை அடித்தது.

அப்போதுதான் ஊதி அணைத்த வாடை. வீடோ ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

அண்ணனைப் போன்ற விவசாயி எங்கள் கோயில் பங்கில் இன்னொருவர் இல்லை. காலைப் பூசை பார்த்த பிறகுதான் வயலில் இறங்குவார். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தால், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஜெபம் சொல்வார். முதல் கதிர்க்கட்டு பீடத்துக்குத்தான் போகும். கல்யாணமும் கட்டவில்லை. கிறுக்கர் என்று கேலி செய்வேன். அந்தக் கிறுக்கர் உழைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்.

நுரையீரல் கெட்டுப் படுத்த கடைசி நாளில், ஃபாதரைக் கூப்பிடச் சொன்னார். சாகப்போகிறவர்களுக்குத் தைலம் பூசும் அவஸ்தைப்பூசுதல் பெற வேண்டும், நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அப்பத்தை வாங்க வேண்டும். பிறகு ஃபாதர் முன்னிலையில் வயலை எங்கள் விதவைத் தங்கை பேட்ரிசியாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வயலை பிளாட் போட நான் ஏற்கெனவே ஆள் பார்த்துவைத்திருந்தேன்.

பேட்ரிசியா கட்டிலருகே மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவை வைத்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் வாசலுக்குப் போய், யாருக்கும் போடாத போனைக் காதில் வைத்துப் பேசினேன்.

"ஃபாதர் திருச்சிக்குப் போயிருக்காராம். வந்துடுவாரு."

ஃபாதர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்.

அன்று முழுக்க அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்ரிசியா தண்ணீர் கொண்டுவந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டார். "நன்மை வாங்கணும்மா, அப்புறம் குடிக்கிறேன்." தொண்டை வறண்டே செத்தார். நான் பாவி. வேறென்ன சொல்ல?

இப்போது, அந்த மெழுகுவத்தி வாடைக்குள், டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடினேன்.

உள் அறையில் யாரோ இருமினார்கள்.

"பிரிட்டோ..."

கையில் அப்போதுதான் பத்திரம் அகப்பட்டிருந்தது.

"ஃபாதர் வந்துட்டாராடா?"

அதே குரல். அதே வறட்சி.

"அண்ணே..." உள் அறைப் பக்கம் திரும்பினேன். "நான் கூப்பிடவே இல்லண்ணே. பொய் சொல்லிட்டேன்."

வயலைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. காலடிகள் மெல்ல என்னை நோக்கி வந்தன. என்னைத் தாண்டி வாசலுக்குப் போயின. நான் யாரையும் பார்க்கவில்லை. பத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரைமணி நேரம் போயிருக்கும். வாசலில் பைக் வந்து நின்றது. போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த இளம் பங்குத்தந்தை, கையில் தைலச் சிமிழோடு அவசரமாக உள்ளே வந்தார்.

"பிரிட்டோங்கிறது யாருங்க?"

"நான்தான் ஃபாதர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கீங்க? ஒரு பெரியவர் ஓடியாந்தாரு. உங்க அண்ணன்னு சொன்னாரு. 'எந்தம்பி சாகக் கிடக்கான், உடனே வாங்க சாமி. நான் காத்துக் கிடந்த மாதிரி அவன் கிடக்கக் கூடாது'ன்னு அழுதாருங்க."