விதைப்பாறை

"அண்ணாச்சி, காய்ஞ்ச கல்ல நேரா தொட்டிக்குள்ள தூக்கிப் போடாதீயன்னு எத்தன தடவ சொல்லுதது? மீன் எல்லாம் செத்து மெதந்த பெறகு எனக்குப் போன் போட்டுக் கத்தப்பிடாது."

ஜெனோவா போனில் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். தூத்துக்குடியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் உயிர்ப்பாறை, அதாவது தண்ணீரைச் சுத்தமாக்கும் கடற்கல், விற்றவள் அவள். மறுமுனையில் இருந்த ஓட்டல்காரர் வேலாயுதத்துக்கு அன்றே திறப்பு விழா.

"நனைச்சா முழிச்சிரும்னு விளம்பரத்துல சொல்லுதானேம்மா?"

"அவனுக்கென்ன, சொல்லுவான்."

உலர்துயில் வந்ததிலிருந்து எல்லோருக்கும் இதே நினைப்புதான். உடம்பிலிருக்கும் நீரை உறிஞ்சி, அந்த இடத்தில் ஒருவகைச் சர்க்கரையை நிரப்பிவிட்டால் எந்த உயிரும் கண்ணாடிபோல் இறுகி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நனைத்தால் எழுந்துகொள்ளும். வெளியூர் போகிறவர்கள் நாயை உலர்த்திப் பரணில் வைத்தார்கள். பவளத்தையும் உயிர்ப்பாறையையும் உலர்த்திப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பினார்கள். நிலவில் பனிச்சுரங்கம் வெட்டிய கம்பெனிகள் ஆட்களையே உலர்த்தி அடுக்கிக்கொண்டு போயின. போகிற வழியில் சோறு வேண்டாம், காற்று வேண்டாம். ஊரில் அவர்களுக்குக் கருவாட்டுக்காரர்கள் என்று பெயர்.

ஆனால் உலர்துயில் பெரிய உயிரை மட்டும்தான் காக்கும். அதன்மேலும் உள்ளும் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் செத்துவிடும். உயிர்ப்பாறையின் உயிரே அவைதான். மீன் கழிவில் பிறக்கும் அமோனியாவைத் தின்று தீர்ப்பது அவைதான். செத்தவை நனைந்தால் அழுகும், அழுகினால் அமோனியா பொங்கும், மீன் மிஞ்சாது.

"தனி டப்பால உப்புத்தண்ணி வைங்க. கல்லுல ஒட்டியிருக்க அழுக்கச் சுரண்டி எடுங்க. பம்பு போட்டுத் தண்ணிய ஓட விடுங்க. நாறும், நாறட்டும், தண்ணிய மாத்துங்க. மொதநாள் அமோனியா பூச்சியம்னு காட்டும், அத நம்பாதீய. அது இன்னும் அழுக ஆரம்பிக்கலன்னு அர்த்தம். நாத்தம் நின்ன பெறகு நான் ஒரு விதைப்பாறை தாறேன், நல்ல உயிருள்ள கல்லு. அதப் பக்கத்துல வச்சா அதுல உள்ளது இதுலயும் குடியேறும். பெறகு துளி அமோனியா விட்டுப் பாருங்க. ஒருநாள்ல அதத் தின்னு தீத்துட்டா, தொட்டிக்குள்ள விடுங்க."

"அதுக்கு மாசக்கணக்கா ஆகுமே!"

"ஆகும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கிற நிலையிலா அவள் இருந்தாள்? நிலவிலிருந்து திரும்பியவர்களை நனைத்து எழுப்பும் நனைப்பகத்துக்கு அன்றைக்கும் போக வேண்டும்.

அவள் புருஷன் கிளாட்வினும் கருவாட்டுக்காரன்தான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சண்டை. மறுநாள் அவனைக் காணவில்லை. நிலவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்பதே கம்பெனிக்காரன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எப்படிப் போனிய?' இந்தக் கேள்வியை அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வர வேண்டும், உட்கார வைத்துக் கேட்க வேண்டும், அவன் கத்த வேண்டும், அவளும் கத்த வேண்டும், பிறகு சேர்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அவன் வந்து, நனைந்து, எழுந்தும் விட்டான். வீட்டுக்கு மட்டும் விடமாட்டோம் என்றார்கள்.

நனைப்பகத்தில் அதிகாரி முகிலரசன், குடலில் குடியிருப்பதை மூச்சிலேயே காட்டிவிடும் மூச்சளவியை வழக்கம்போல் நீட்டினார். ஊதினாள். சிவப்பு.

"இந்த வாரமும் சிவப்புதாம்மா."

"எப்படிச் சார் பச்ச வரும்? ரெண்டு பஸ் மாறி வந்து, காலைலருந்து இங்கன உக்காந்துருக்கேன். என் புருஷன எங்கிட்டக் குடுக்க மாட்டேங்கிய. எனக்குக் கோவம் வராம சிரிப்பா வரும்?"

"கோவப்படக் கோவப்படச் சிவப்பு கூடத்தாம்மா செய்யும்."

"அதக் கேட்டா இன்னும் கோவம் வருது!"

அவர் பெருமூச்சு விட்டார். "அவர் குடல் இப்ப காலி. யார்கூட வாழ்றாரோ அவங்க நுண்ணுயிர்தான் அங்க குடியேறும். ஓயாத கோபம், கவலை எல்லாம் குடல்ல வேற வகை உயிர வளக்கும். உங்களுக்கு அது பழகிப்போச்சு, அவருக்குக் காய்ச்சல் வரும். முதல்ல வந்தவங்கள நேரா வீட்டுக்கு அனுப்பினோம், பாதிப்பேர் பொழைக்கல. உங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, அவர் காய்ஞ்ச கல்லு, நீங்க விதைப்பாறை."

கொட்டும் பூச்சி ஒட்டிய கல்லை அவளே எத்தனை முறை விதைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருக்கிறாள்! தன் தொழிலை எடுத்துத் தன் தலையிலேயே போடுகிறானே இந்த மனுஷன் என்று எரிச்சலாக வந்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிளாட்வின் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பழைய வீம்பு! அதைப் பார்க்கவே அவளுக்கு அழுகை வந்தது.

"வேற வழியும் இருக்குன்னு முன்னமே சொன்னேனே" என்றார் முகிலரசன். "துரைசிங்கம்னு ஒருத்தர் தன் குடல் நுண்ணுயிர எங்களுக்கு விதையாத் தர்றார். எதுக்கும் அசராத மனுஷர். அவரோடது குடியேறிட்டா உங்க கோபம் இவர ஒண்ணும் செய்யாது. சீக்கிரம் கூட்டிட்டுப் போயிரலாம். முக்காவாசிப் பேருக்கு இப்ப அவர் விதைதான்."

முதல் முறை அவர் இதைச் சொன்னபோது ஜெனோவா சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். எந்த விதை முதலில் பிடிக்கிறதோ கல் முழுவதும் அதுதான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சிவப்பையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. "சரி, செய்யுங்க" என்றாள்.

மாதம் முடியுமுன் கிளாட்வின் வீடு வந்தான். அவனுக்குப் பிடித்த ஊளி மீன் குழம்பு வைத்தாள். பதற்றத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். அந்தக் காலமாக இருந்தால் அவன் தள்ளிய தட்டு பாதி மேசைக்குப் போயிருக்கும். அவன் கடைசிச் சோறுவரை வழித்துச் சாப்பிட்டான்.

"நல்லாருக்கு ஜெனோ."

"உப்பே இல்ல."

"பரவாயில்ல."

அவள் எதிரே உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எப்படிப் போனிய?"

"தப்புதான். நீ கோவப்படுறது நியாயம்" என்று சொல்லிப் புன்னகைத்தான்.

அவ்வளவுதான். ஆறு வருடக் கேள்வி அத்தோடு முடிந்துபோயிற்று. பொய் சொல்வான், அவள் குடும்பத்தை இழுப்பான், கதவை அறைவான் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை இல்லை. அவள் கத்திப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். எழுந்து தெருப்பக்கம் போனாள். டீக்கடை பெஞ்சில் நிலவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரன் ஒருவர் மடியில் டீயைக் கொட்டினான். "பரவாயில்ல" என்று அவர் புன்னகைத்தார். கிளாட்வினின் புன்னகை அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

வீட்டுக்குள் ஓடிவந்து முகிலரசனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"இத மாத்த முடியுமா சார்?"

"துரைசிங்கத்தோட விதையும் அதோட அவர் குணமும் முழுசாப் படிஞ்சிருச்சும்மா. மறுபடி உலர்த்தித்தான் எடுக்கணும். ஆனா ரெண்டாவது தடவை எழுந்திருப்பார்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கிளாட்வின் வாசற்படியில் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"நாளைக்கே போவோம் ஜெனோ. உனக்கு அதுதான் நல்லதுன்னா எனக்குச் சம்மதம்."

"உசுரே போயிரும்ங்கான், கேட்டியளா?"

"கேட்டேன். பரவாயில்ல."

அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "முடியாதுன்னு சொல்லுங்க! நான் வரமாட்டேன், போடீன்னு சொல்லுங்க! ஒரே ஒரு தடவ சொல்லுங்க!"

அவன் அவள் கைகளைத் தட்டிவிடவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கொஞ்சநேரம் அக்கறையோடு யோசித்தான்.

"முடியாது" என்றான், அவள் சொன்னபடியே. "நான் வரமாட்டேன், போடீ."