முன்னொலி

பெக்கான் நானாஸ் ஊரைத் தாண்டியதும் செல்வா கார்க் கண்ணாடியை இறக்கினான். அன்னாசி வாசம் உள்ளே வந்தது. அதோடு ஈரச் சதுப்பு மண்ணின் வாசமும்.

"உள்ள போனதும் வாயத் தொறந்து வணக்கம் சொல்லு லா," என்றான். "போன தடவ வேற வீட்டுல ஒரு ஆண்ட்டி என்னைக் கேட்டாங்க, உங்க தங்கச்சிக்குப் பேச வருமான்னு."

ரூபினி மடியிலிருந்த கேசட் பிளேயரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வணக்கம் சொல்றேன்ணா."

"அது மட்டும் இல்ல. சாவு வீடு. கெளம்பறப்ப பழக்க தோஷத்துல போயிட்டு வரேன்னு சொல்லித் தொலைக்காத. சொல்லாமத்தான் வரணும்."

"தெரியும்."

பெர்மாஸ் ஜெயாவில், வீட்டின் முன்னறையில் அண்ணனும் தங்கையும் நடத்தும் தொழில் இது. பழைய இசைத்தட்டு, கேசட் எதுவானாலும் கணினிக்கு மாற்றி சிடியில் பதிந்து கொடுப்பார்கள். பேச்சு செல்வாவுடையது, கருவிகள் ரூபினியுடையவை. இயற்பியல் பட்டம் வாங்கிய பின் இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இரண்டிலும் குரல் எழும்பவில்லை. மூன்றாவதற்குப் போகவில்லை.

வழக்கமாகக் கேசட்டுகள்தாம் அவர்கள் வீட்டுக்கு வரும். இந்த ஒரு வாடிக்கையாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பொருள் வாசலைத் தாண்டாது, கருவியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வீடு செம்மண் பாதையின் முடிவில் தனியாக நின்றது. சுற்றிலும் இடுப்பளவு அன்னாசிச் செடிகள். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

சிவகணேசன் வாசலில் நின்றார். எழுபது வயதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செல்வா அவளை இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி, வேறொரு வேலையாகக் குளுவாங் ஊருக்குக் கிளம்பினான்.

"வணக்கம் ஐயா," என்றாள் ரூபினி.

"என்ன படிச்சனீர்?"

"ஃபிசிக்ஸ்."

"ஃபிசிக்ஸ் படிச்சுப்போட்டுக் கேசட் சுத்திறீர்." சிரிக்காமல் சொன்னார். "உள்ளை வாரும்."

கூடத்தில் அவர் மனைவி கிருஷ்ணகுமாரியின் படம் இருந்தது. மாலை, முன்னால் விளக்கு. இறந்து இருபத்துநாலு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்று கொடுக்கப்போகும் நினைவுமலரின் பின் அட்டையில், அந்த அம்மாள் பாடிய தேவாரங்களைச் சிடியாக ஒட்டவேண்டும். இதுதான் வேலை.

"நல்லாப் பாடுவா," என்றார் சிவகணேசன். "வெளியிலை ஒரு இடமும் போகமாட்டா. வீட்டோடையே இருந்தவ. முப்பத்தெட்டு வருசம்."

பின்கட்டு அறையைக் காட்டினார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஏழு கேசட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் தேதி. அறைக்குள் கற்பூரமும் பூஞ்சையும் கலந்த வாசம்.

ரூபினி கதவைக் கடக்கும்போது தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

அது வெளிப்பக்கம் இருந்தது.

முதல் கேசட்டைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, பிளேயரில் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள். மடிக்கணினித் திரையில், சத்தத்துக்கு ஏற்ப எழுந்து தாழும் ஒலிக்கோடு ஓடத் தொடங்கியது. குரல் தெளிவாக, பிசிறில்லாமல் இருந்தது. ஆனால் பாடுகிற குரலாக இல்லை. ஒப்பிக்கிற குரல்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், வெற்று இரைச்சலுக்குள், அதே பாட்டின் முதல் சொல் மிக மெல்லியதாக ஒருமுறை கேட்டது. இரண்டு விநாடி கழித்து நிஜப் பாட்டு.

இது அவளுக்குத் தெரிந்த விஷயம். சிவகணேசன் கதவோரம் நிற்பதைக் கண்டு, தைரியத்தைக் கூட்டி விளக்கினாள். "நாடா ரொம்ப வருஷம் சுத்தியே இருந்தா, ஒரு சுத்துல இருக்கிற சத்தம் அடுத்த சுத்துல ஒட்டிக்கும் ஐயா. அதான் பாட்டு வர்றதுக்கு முன்னாடியே லேசாக் கேக்குது. முன்னொலின்னு வச்சுக்கலாம்."

"நான் கேட்டனானோ? வேலையைப் பாரும்."

அவர் போனார். அவள் முகம் சுட்டது. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மூன்று கேசட்டுகள் ஒழுங்காக முடிந்தன. நாலாவதில், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, முன்னொலி கேட்டது. பெண் குரல் அல்ல. ஆண் குரல்.

"தேத்தண்ணி ஆறப்போகுது."

அடுத்து நிஜச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரைச்சல் மட்டும் ஓடியது.

கதவு திறந்தது. சிவகணேசன் கோப்பையை மேசையில் வைத்தார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது," என்றார்.

அவர் போனபின் ரூபினி திரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒலிக்கோடு தட்டையாக இருந்தது. மறுபடி ஓட்டிக் கேட்டாள். வெறும் இரைச்சல்.

தினமும் சொல்கிற வாக்கியம், எப்போதோ பதிவாகியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பதிவாகியிருந்தால் கோடு எழும்பியிருக்கும் என்பதையும் அவள் அறிவாள்.

ஐந்தாவது கேசட். நடுவில், தூரத்தில் கேட்பதுபோல், கண்ணாடி உடையும் சத்தம்.

ரூபினி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தான் தட்டிவிடக்கூடாது. எண்ணினாள். ஒன்று. இரண்டு. பத்து. முப்பது.

நாற்பத்தொன்றில் கூடத்தில் கண்ணாடி உடைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். படம் குப்புறக் கிடந்தது. விளக்கு அணைந்திருந்தது. சிவகணேசன் துண்டுகளைப் பார்த்தபடி நின்றார்.

"காத்து," என்றார்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. திரைச்சீலை அசையவில்லை.

மணி இரண்டு. செல்வாவுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினாள்: *சீக்கிரம் வாண்ணா.* செய்தி போகவில்லை. வெளியே வானம் இருண்டு, மழை கூரையில் இறங்கியது. இன்னும் இரண்டு கேசட். ஒன்றரை மணி நேரம். முடித்துவிடலாம்.

ஆறாவது கேசட்டில் கடைசிப் பாட்டு பாதியிலேயே நின்றது.

இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். மிக அருகில், ஹெட்போனுக்கும் காதுக்கும் நடுவில்.

"ஆரடி நீ?"

ரூபினி அசையவில்லை.

"நிப்பாட்டடி."

அவள் விரல் பொத்தானை அழுத்தியது. நாடாச் சக்கரங்கள் நின்றன. கண்ணாலேயே பார்த்தாள், இரண்டும் நின்றுவிட்டன.

குரல் நிற்கவில்லை.

"ஒருக்கா பூட்டினது காணாதோ? இப்ப சிடித் தட்டிலையும் போட்டுப் பூட்டப்போறியோ?"

ஹெட்போனைக் கழற்ற நினைத்தாள். கைகள் எழவில்லை.

"என்ரை குரலை எடுக்கிறாய்," என்றது அது, நிதானமாக, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல். "உன்ரையைத் தா."

ஹெட்போன் வயர் அறுந்துபோக எழுந்து கதவை இழுத்தாள். திறக்கவில்லை. தள்ளினாள். இழுத்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். "ஐயா! கதவத் தொறங்க! ஐயா!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. சிவகணேசன் நின்றார். அவர் பார்வை அவள் மேல் இல்லை, தன் கையின் மேல் இருந்தது.

"நான்தான் போட்டிருக்கவேணும்," என்றார். "கை தன்பாட்டிலை போட்டிட்டுது. பழக்கம்."

ரூபினிக்கு எல்லாம் விளங்கியது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள், ஒப்பிக்கிற குரல், முப்பத்தெட்டு வருடம். அந்த அம்மாளையும் இந்த அறையில் இப்படித்தான் பூட்டியிருக்கிறார்.

"இன்னும் ஒண்டுதானே," என்றார் அவர். "முடியும். ஏழும் இல்லாமல் நீர் போகேலாது."

மழை. சுற்றிலும் அன்னாசிக் காடு. அண்ணன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். அவள் நாற்காலியை நிலைப்படியில் குறுக்காக வைத்து, கதவு மூடாதபடி செய்தாள். பையிலிருந்த மாற்று ஹெட்போனைச் செருகி, காதில் மாட்டாமல் மேசையிலேயே விட்டாள். கேளாமலே பதிவு செய்யலாம். கோடு ஓடினால் போதும்.

ஏழாவது கேசட் ஓடியது. அவள் நிலைப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. கை வலித்தது. ஒரு கணம் எடுத்தாள்.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, பூச்சியின் ரீங்காரம்போல், ஒரு குரல் வந்தது. இரைச்சலில் பாதி மறைந்திருந்தது. கடைசிச் சொல் மட்டும் அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"…வரேன்."

அது அவளுடைய குரல்.

அடுத்து கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

ரூபினி யோசித்தாள். கிளம்பும்போது தன் வாயிலிருந்து வரப்போகிறது அந்தச் சொல். போயிட்டு வரேன். சாவு வீட்டில், தன்னைக் கண்டால் ஆகாத ஒன்றிடம், திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கப்போகிறாள். இதுவரை கேட்டதெல்லாம் நடந்தது. இது நடக்கக்கூடாது. வாயைத் திறந்தால்தானே?

நாலு மணிக்குச் செல்வா ஹாரன் அடித்தான். அவள் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சிவகணேசன் ஏதோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினாள். செல்வா மழையில் ஓடிவந்து பெட்டியை வாங்கினான். அவனும் வழக்கப்படி எதுவும் சொல்லவில்லை.

வாசலைத் தாண்டினாள். படிகளைத் தாண்டினாள். சொல்லவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். செல்வா தன் கதவைச் சாத்தினான்.

பின்னால் ஒரு கதவு சாத்தியது.

"பின் கதவ ஒழுங்கா சாத்தலையா நானு?" செல்வா திரும்பிப் பார்த்தான். பின் இருக்கையில் கருவிப் பெட்டி மட்டும் இருந்தது. "அலமாக், சீட்டெல்லாம் நனஞ்சு போச்சு."

பெட்டி ஓர் ஓரத்தில் இருந்தது. நனைந்திருந்தது மறு ஓரம்.

வழியெல்லாம் செல்வா பேசிக்கொண்டே வந்தான். ஸ்கூடாயில் நெரிசல், இரவுக்கு ரொட்டி வாங்கலாமா, அந்தக் கிழவர் திட்டினாரா. அவள் தலையசைத்தாள். வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தாள். அன்று மாலையும் இரவும் அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. பக்கத்து வீட்டில் துவைக்கும் இயந்திரம் ஓடியது. அந்த வெளிச்சத்தில் பயம் சற்று அசட்டுத்தனமாகக்கூடத் தெரிந்தது. சொல்லவில்லை, தப்பித்துவிட்டோம். ரூபினி கோப்புகளைத் திறந்தாள்.

இரைச்சலை நீக்குவதற்கு ஒரு முறை உண்டு. வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை எடுத்துக் கணினிக்குக் காட்டவேண்டும். அது அந்த இரைச்சலை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். மிஞ்சுவது குரல்.

ஏழாவது கேசட்டின் இரைச்சலைக் கழித்தாள். தன் குரல் கேட்ட, கோடு தட்டையாக இருந்த அந்த இடத்துக்கு வந்தாள். கேட்காமல் வெட்டிவிடலாம். ஆனால் விரல் ஏற்கெனவே அழுத்திவிட்டது.

இம்முறை ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக விழுந்தது.

"நானும் வாறன்."

குரல் அவளுடையதுதான். சந்தேகமே இல்லை.

ஆனால் அவள் வரேன் என்பாள். அவள் அம்மா வரேன் என்பாள், ரப்பர் தோட்டத்தில் பிறந்த அப்பாவும் வரேன் என்பார். அவர்கள் வீட்டில் ஒருவரும் வாறன் என்று சொன்னதே இல்லை. அது சிவகணேசன் வீட்டுப் பேச்சு.

அது அவள் விடைபெற்றதல்ல.

ரூபினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அண்ணா என்று கூப்பிட்டாள்.

உதடு அசைந்தது. தொண்டை அசைந்தது. சத்தம் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். காற்றுகூட வரவில்லை.

மேசைமேல் கைப்பேசி அடித்தது. சிவகணேசன்.

"எடு லா!" சமையலறையிலிருந்து செல்வா கத்தினான். "என் கையெல்லாம் மாவு!"

அவள் எடுக்க நினைக்கவில்லை. கை எடுத்தது.

"ஹலோ," என்றார் சிவகணேசன். "சிடி எப்ப கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. சொன்னனான்தானே?"

ரூபினியின் வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

"நான் கொண்டு வாறன்," என்றது ஒரு குரல். பிசிறில்லாத, தெளிவான குரல். ஏழு கேசட் முழுக்க அவள் கேட்ட குரல். ஆனால் இப்போது அது ஒப்பிக்கவில்லை. "கதவைத் திறந்து வையுங்கோ. இந்த முறை தாழ்ப்பாள் எந்தப் பக்கம் எண்டு நான் பாக்கிறன்."



"குமாரி?" என்றார் சிவகணேசன்.

அவள் கை அழைப்பைத் துண்டித்தது.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, பூச்சியின் ரீங்காரம்போல், யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணா. அண்ணா. கதவத் தொறங்க. திரையில் கோடு தட்டையாக ஓடியது.

செல்வா சமையலறையிலிருந்து தலையை நீட்டினான். "கூப்பிட்டியாம்மா?"

ரூபினி ஹெட்போனைக் கையில் எடுத்தாள். வயரை மெதுவாகச் சுற்றினாள். இறுக்கமாக, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்றாக.

"ஒண்டுமில்லை, அண்ணை," என்றது அவள் வாய்.