மூட்டை மேல் பந்தி

"ஒரு மூட்டை தூக்கினாலே எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு புடிச்சிக்கும் சார். ரெண்டாயிரம் மூட்டை வேர்க்கல்லய திருடிக்கினு பூட்டாருன்றாங்க! வேலைக்கு சேத்ததே ஏப்ரல்ல. அப்பவே கெடங்கு உள்ள ஒண்ணுமே இல்லன்றாரு, யாரு நம்பறாங்க?"

மானாம்பதியில் துப்பறியும் ஜெகநாதன் முன் நின்று அழுதாள் கனகா. கிடங்குக் காவலன் முத்துவேலுக்கு மறுநாள் கோர்ட்டு, அப்புறம் ஜெயில்.

புகார் கொடுத்தது உத்திரமேரூரின் கடலை எண்ணெய்க் கம்பெனி. சென்னைப் பங்குச்சந்தையில் பெயர் ஏறியது. சேர்மன் வீரபத்திரன். டைரக்டர்கள் அவருடைய மைத்துனர், சம்பந்தி, கனத்துக்காக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். சேர்மன் தலையசைத்தால் மூன்று தலைகளும் அசையும். அதற்குப் பெயர் போர்டு மீட்டிங்.

ஜெகநாதனும் உதவியாளர் சேட்டுவும் காலிக் கிடங்கைப் பார்த்தார்கள். பின்பக்கச் செங்கல் சுவரில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், வரிசையாக வெள்ளைக் கோடுகள்.

"வெத்தலைக்குத் தடவின மீதி சுண்ணாம்பு சார். சொவுத்துல விரலத் தொடச்சிகீறானுங்க, பேமானிங்க!"

"பொங்கலிலிருந்து இங்கே கூரை வரை மூட்டையாமே?"

"ஆமா சார், மார்ச் கடைசி வரைக்கும். இருப்புக் கணக்குல டைரக்டருங்க கையெழுத்தே போட்டுகீறாங்க."

கம்பெனி அறையில் இன்ஸ்பெக்டர், விலங்கோடு முத்துவேல், கனகா, கனவான்கள் நால்வர். சுவரில் மாலையும் கழுத்துமாகச் சேர்மன் தம்பதியின் படம். கீழே 'சஷ்டியப்தபூர்த்தி, மார்ச் 31'.

"விருந்து பிரமாதமாமே?" என்றார் ஜெகநாதன்.

மைத்துனர் முந்திக்கொண்டார். "கிடங்குல, பின்சுவர் ஓரமா, மச்சானுக்குப் பக்கத்து இலை எனக்குத்தான்!"

"அது என் இலை! நீர் வாசல்கிட்ட உட்கார்ந்தீர்," என்று சீறினார் சம்பந்தி.

சேர்மன் இருமிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

"பக்கத்து இலை என்னுடையது," என்று தீர்ப்பளித்தார் நீதிபதி.

"அதே நாளில் அதே கிடங்கில் கூரை வரை மூட்டை என்று கையெழுத்துப் போட்டவர்களும் நீங்கள்தான். இலையை மூட்டை மேலா போட்டார்கள்? பந்தி முடிந்து தொடைத்த வெற்றிலைச் சுண்ணாம்பு இன்னும் பின்சுவரில் இருக்கிறது."

ஜெகநாதன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"லாபம் இல்லை. இல்லாத கடலையை இருப்பில் காட்டினால் லாபம் வரும், பங்கு விலை ஏறும். சேர்மன் காட்டினார். கேள்வி கேட்க வேண்டிய போர்டு பாயசம் கேட்டது. பிறகு அந்தக் கடலை காணாமல் போயாக வேண்டுமே! அதற்குத்தான் ஏப்ரலில் முத்துவேலுக்கு வேலை."

"நான் சாப்பிட்டதோடு சரி," என்றார் நீதிபதி.

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார். கனகா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இம்மாம் பெரிய கம்பெனியில திருடன்னு காட்ட, வெளியிலேர்ந்தா ஆளு எடுத்தீங்க?"